புரியாத வசனத்துக்கும் கட்டணம் உண்டு

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரைச் சேர்ந்தவன். ஏழு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். ஊர்த் திருவிழாவில் விடிய விடியப் பார்த்த வள்ளி திருமணம் தவிர நாடகம் என்று எதையும் நான் பார்த்ததில்லை. சென்ற மாதம் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் என்னை ஒரு சிறிய அரங்குக்கு அழைத்துச் சென்றார். நூறு பேர் அமரக்கூடிய இடம். மாண்டரின், ஆங்கிலம், மலாய், சீன வட்டார மொழியான ஹொக்கியன் என்று நடிகர்கள் மாறி மாறிப் பேசினார்கள். நடுவில் ஒருவர் தமிழிலும் இரண்டு வசனம் பேசினார். மேலே திரையில் மொழிபெயர்ப்பு வரிகள் சில இடங்களில் ஓடின, பல இடங்களில் ஓடவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார் நண்பர். 45 வெள்ளி கொடுத்து நுழைந்து, பாதிக்கு மேல் புரியாமல் வெளியே வந்தேன். மீதிப் பணத்தை யாரிடம் கேட்பது?

என் கேள்விகள் இவை. பார்வையாளரைப் புரியாமல் தவிக்க விடுவது கலையா, ஏமாற்றா? உரிமம், தணிக்கை, அரசு மானியம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டு நடக்கும் தென்கிழக்காசிய நாடகங்களை நவீன நாடகம் என்று எப்படிச் சொல்வது? சிங்கப்பூரில் தமிழ் நாடகம் ஏன் வளரவில்லை? கடைசியாக, இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து கட்டாயம் வாசிக்க வேண்டிய பத்து நாடகப் பிரதிகளின் பட்டியல் தர முடியுமா? இனி அரங்குக்குப் போவதைவிட வீட்டிலிருந்தே வாசித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன், சிங்கப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தாமதத்துக்கு என் சோம்பல் பாதிக் காரணம், கோபம் மீதிக் காரணம். மீதிப் பணத்தை யாரிடம் கேட்பது என்று நீங்கள் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கொடுத்த காசுக்குச் சரக்கு எடை குறையாமல் வரவேண்டும் என்பது அவருடைய நியாயம். அரிசிக்கு அது சரி.

கோபம் தணிந்த பிறகு கடிதத்தை மறுபடி வாசித்தேன். நான் சில மாதங்களாக என் தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்று, ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறேன். நீங்கள் தடுக்கிய இடமும் ஏறக்குறைய அதுதான். அதனால்தான் இந்தப் பதிலைத் தனிமடலாக அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். சிங்கப்பூரில் தமிழ் நாடகம் ஏன் வளரவில்லை என்று கேட்கிறீர்கள். ஏழு ஆண்டுகளில் அங்கே எத்தனை தமிழ் நாடகங்களைப் பார்த்தீர்கள்? ஒன்றுகூட இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. பார்க்காத ஒன்றின் வளர்ச்சியை அளப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். மானியம் வாங்கியவன் நவீன நாடகம் போடமுடியுமா என்பது தேநீர்க்கடை வாதம், அதையும் விட்டுவிடுகிறேன். தணிக்கைக்கு வருவேன், ஆனால் நீங்கள் நுழைந்த வாசல் வழியாக வரமாட்டேன்.

நீங்கள் குறைப்பட்ட அந்த வடிவத்துக்கு, நீங்கள் வாழும் ஊரிலேயே ஒரு தகப்பன் இருந்தார். அவர் பெயர் குவோ பாவ் குன். 1939இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்து, பத்து வயதில் சிங்கப்பூர் வந்தவர். 1965இல் தம் மனைவி கோ லே குவானுடன் சேர்ந்து ஒரு நிகழ்த்துகலைப் பள்ளியைத் தொடங்கி, மாண்டரினில் நாடகங்கள் நடத்தினார். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டார், குடியுரிமை பறிக்கப்பட்டது, 1980இல் வெளியே வந்தார். அதன் பிறகுதான் அவர் ஆங்கிலத்திலும் எழுதத் தொடங்கினார். 1988இல் ‘பூனையைத் தேடும் அம்மா’ என்ற நாடகத்தை, நடிகர்களோடு ஒத்திகையில் சேர்ந்திருந்தே உருவாக்கினார். சிங்கப்பூர் மேடையில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ், சீன வட்டார மொழிகளான ஹொக்கியன், தியோச்சூ, கன்டோனீஸ் எல்லாம் ஒரே நாடகத்துக்குள் ஒலித்தது அப்போதுதான்.

அந்த நாடகத்தின் அம்மா ஹொக்கியன் மட்டும் பேசுகிறவள். பிள்ளைகள் படித்தவர்கள், ஆங்கிலமும் மாண்டரினும் பேசுகிறவர்கள். பெற்ற தாயோடு பேச அவர்களிடம் மொழி இல்லை. இதைக் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். 1979இல் சிங்கப்பூர் அரசு ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கியது. ஹொக்கியனும் கன்டோனீஸும் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் படிப்படியாக நீக்கப்பட்டன. 1987க்குள் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்துக்கு மாறின. இத்தனையும் ஒரு தலைமுறைக்குள் நடந்துவிட்டதால், ஒரே அடுக்குமாடி வீட்டின் ஒரே உணவு மேசையில் பாட்டியும் பேத்தியும் சைகையால் பேசிக்கொள்ளும் நிலைமை உண்மையாகவே வந்தது. அம்மாவுக்கு மிஞ்சியது ஒரு பூனை. அதுவும் காணாமல் போகிறது. தேடிப்போன இடத்தில் ஒரு தமிழ்க் கிழவரைச் சந்திக்கிறாள். அவரும் தம் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் ஹொக்கியனில் பேசுகிறாள், அவர் தமிழில் பேசுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. கையாலும் உடலாலும் பூனையை வரைந்து காட்டுகிறார்கள். நாடகம் முழுவதிலும் இரண்டு பேர் ஒருவரையொருவர் முழுதாகப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

இப்போது யோசியுங்கள். அந்தக் காட்சிக்கு மேலே மொழிபெயர்ப்பு வரி ஓடினால் என்ன ஆகும்? அந்தக் கிழவரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்துவிடும். அவர்கள் இருவரும் தட்டுத்தடுமாறிச் சம்பாதித்ததை நீங்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தே வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். உங்களை இருட்டில் உட்கார வைத்ததற்குக் காரணம், ஊரே அப்படி ஓர் இருட்டில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் பார்த்த நாடகம் நல்லதா, மட்டமானதா என்று எனக்குத் தெரியாது. குவோவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த உத்தியை வெறும் அலங்காரமாக்கி, நாலு மொழியைத் தாளிதம்போல மேலே தூவிவிட்டு மேடையேறுவதும் உண்டு. அப்படிப்பட்டதொன்றில் நீங்கள் மாட்டியிருந்தால் என் அனுதாபங்கள். ஆனால் புரியாமையே ஏமாற்று என்று நீங்கள் தீர்ப்பெழுதியதை ஏற்கமாட்டேன்.

அடுத்து, உங்கள் பட்டியல். பத்துப் பிரதிகள் கேட்கிறீர்கள். இனி அரங்குக்குப் போகாமல் வாசித்துக்கொள்வேன் என்கிறீர்கள். தென்கிழக்காசியாவில் நாடகக்காரரைப் பார்த்து முதலில் பிரதியைக் கேட்பவர் யார் தெரியுமா? உரிமம் வழங்கும் அதிகாரி. அந்த நாடுகளில் ஒரு நாடகத்தின் முதல் வாசகர் பெரும்பாலும் அவர்தான். அவர் கவனமான வாசகர். வரிக்கு வரி கோடிட்டு வாசிப்பவர். நம் விமர்சகர்களைவிட உழைப்பாளி. நம் ஊரிலும் பிரதியைக் காவல்துறையிடம் நீட்டி அனுமதி வாங்கவைத்த 1954ஆம் ஆண்டுச் சட்டம், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை உயிரோடுதான் இருந்தது. அப்படி ஒரு வாசகர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் நாடகக்காரர் என்ன செய்வார்? நாடகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்திலிருந்து எடுத்து வேறெங்கோ ஒளித்துவைப்பார். உடலில் வைப்பார், இடைவெளியில் வைப்பார், பார்வையாளரின் மடியில் வைப்பார். அந்த வட்டாரத்தின் நாடகங்களுக்குள் ஏதாவது ஓர் ஒற்றுமை இருக்கிறதென்றால் அது இந்த ஒளித்துவைக்கும் கலைதான் என்பது என் எண்ணம். பத்துப் பிரதிகளை வாசித்துவிட்டு அந்த அரங்கத்தை அறிந்துவிட்டதாக நினைப்பவர், அதிகாரி அறிந்த அளவுக்குத்தான் அறிந்திருப்பார்.

இந்தோனேசியாவின் ரெண்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி யோக்யகர்த்தாவில் ‘பெங்கெல் தியேட்டர்’ என்று ஒரு குழுவை அமைத்தார். பெங்கெல் என்றால் பட்டறை. 1968இல் அவர் மேடையேற்றிய ‘பிப் போப்’பில் வசனமே கிடையாது என்று சொல்லலாம். சில ஒலிகள், சில ஒற்றைச் சொற்கள், மற்றதெல்லாம் உடல்கள் கூடுவதும் கலைவதும். ‘மினி காத்தா’, அதாவது குறுஞ்சொல் நாடகம் என்று அதற்குப் பெயர் வந்தது. 1965, 66ஆம் ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டு, யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதே உயிர்போகும் விஷயமாக இருந்த நாட்டில், இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் சொற்களைத் துறந்து மேடையேறினார் என்பதை வெறும் வடிவச் சோதனையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு அவரே சொற்களுக்குத் திரும்பினார். 1975இல் நாகா இனத்தாரின் போராட்டத்தைப் பற்றி ஒரு நாடகம்: மலையில் செம்பு கிடைக்கிறது, அரசியும் அந்நிய நிறுவனமும் தோண்ட வருகிறார்கள், ஊரார் நகர மறுக்கிறார்கள். நிழற்கூத்தில் கதை சொல்லும் தாலாங் மேடையில் வந்து, இந்தக் கதை அஸ்தினாம் என்ற நாட்டில் நடக்கிறது, இந்தோனேசியாவில் அல்லவே அல்ல என்று அழுத்திச் சொல்வார். ‘அல்லவே அல்ல’ என்ற இடத்தில் அரங்கம் சிரிப்பதைப் பிரதியில் வாசிக்க முடியுமா? 1978இல் ரெண்ட்ரா சிறைக்குப் போனார். அதன்பின் பல ஆண்டுகள் அவருக்கு மேடை மறுக்கப்பட்டது.

அவருக்குப் பின் வந்த ரியந்தியார்னோ 1977இல் தொடங்கிய குழுவுக்கு ‘தியேட்டர் கோமா’ என்று பெயரிட்டார். கோமா என்றால் காற்புள்ளி. முற்றுப்புள்ளி வைக்காமல் போய்க்கொண்டே இருப்போம் என்று பொருள். 1990இல் அவர்களுடைய ‘சுக்சேசி’ நாடகத்தைக் காவல்துறை பாதியில் நிறுத்தியது. ஆட்சி அடுத்து யாருக்கு என்பது அதன் கரு. சுகார்த்தோ அப்போது கால் நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்தார். குழு நிற்கவில்லை. பெயரில் உள்ள புள்ளிக்கு உண்மையாக இருந்தார்கள்.

சிங்கப்பூருக்கே மறுபடி வருகிறேன். 1994இல் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. அதற்குச் சற்று முன்பு ‘தி நெசசரி ஸ்டேஜ்’ என்ற குழு மன்ற அரங்கு என்ற வடிவத்தைச் செய்துபார்த்திருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருத்திக்கு அநீதி நடக்கிறது என்று நடித்துக் காட்டுவார்கள். பார்வையாளரில் யாரும் கையைத் தூக்கி நிறுத்தி, மேடையேறி, அந்த நடிகையின் இடத்தில் நின்று, நான் இருந்தால் இப்படிச் செய்வேன் என்று செய்து காட்டலாம். ஆக, அதிகாரியிடம் முன்கூட்டிக் கொடுக்கப் பிரதி கிடையாது. பிரதியில்லாத இவ்வகை நிகழ்ச்சிகளுக்கு தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் இல்லை என்று அரசு அறிவித்தது. அந்த முடிவு தளர 2003 ஆயிற்று. ஒரு நாடகத்தில் இன்ன வரி தவறு என்று தடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. நாளை மாலை ஒரு சாதாரண மனிதர் எழுந்து என்ன சொல்வார் என்று இன்றே தெரியாததால் தடுப்பது வேறு வகை. எழுதாத வசனத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் அதிகாரிகளே. நீங்களோ எழுதியதை மட்டும் கேட்கிறீர்கள்.

தாய்லாந்தைப் பற்றி விரிவாக எழுத மனம் வரவில்லை. 1976 செப்டம்பரில், நாடு கடந்திருந்த சர்வாதிகாரி திரும்பியதை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டிய மின்வாரியத் தொழிலாளர் இருவர் அடித்துத் தூக்கிலிடப்பட்டார்கள். அக்டோபர் 4 அன்று தம்மசாட் பல்கலைக்கழக மாணவர்கள் அதை நடித்துக் காட்டினார்கள். தூக்கில் தொங்குவதாக நடித்த மாணவரின் முகம் பட்டத்து இளவரசரைப் போலிருக்கிறது என்று ஒரு புகைப்படத்தை வைத்துக் கிளப்பிவிட்டார்கள். அக்டோபர் 6 காலை அந்த வளாகத்துக்குள் புகுந்து மாணவர்களைக் கொன்றார்கள். ஒரு சிறு நாடகம், அதுவும் வசனத்துக்காக அல்ல, முகத்துக்காக. 2013இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ‘ஓநாய் மணமகள்’ என்ற நாடகத்துக்காக இருவர் 2015இல் இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். அதே 2015இல், பெரும்பாலும் உடலசைவால் இயங்கும் ‘பி-ஃப்ளோர்’ குழுவின் தனிநடிப்பு ஒன்றுக்கு இராணுவத்தார் வந்து காணொளி எடுத்தார்கள். ஒரு பெண்ணின் உடல் அரங்கில் எங்கெங்கே நகர்கிறது என்பதைப் பதிவுசெய்த அந்தச் சிப்பாய்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காசு கொடுக்காமல் வந்தவர்கள் என்பது தவிர, அவர்கள் நிலைமை உங்களுடையதுதான்.

பிலிப்பைன்ஸைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 1967இல் மணிலாவின் பழைய கோட்டைச் சிதிலத்துக்குள் கூரையில்லா அரங்கு கட்டிக்கொண்ட ‘பெட்டா’ குழுவிலிருந்து, இராணுவச் சட்டக் காலத்தில் தெருமுனையில் சில நிமிடம் நடித்துவிட்டுக் கலைந்துபோன மின்னல் நாடகங்கள் வரை அது பெருங்கதை. மலேசியாவில் கிளந்தான் மாநில அரசு 1991இல் மாக் யோங் கூத்தைத் தடைசெய்தது. யுனெஸ்கோ 2005இல் அதை மனிதகுலச் செல்வம் என்று பட்டயம் கொடுத்தபோதும் பிறந்த மண்ணில் அது தடையில்தான் இருந்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு தடை நீங்கியது. இவ்வளவு போதும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மேலே சொன்னதெல்லாம் இதற்கு முன்னுரைதான்.

சிங்கப்பூரில் ‘அக்னிக் கூத்து’ என்ற தமிழ்க் குழு உண்டு. இளங்கோவன் எழுதிய ‘தலாக்’ என்ற நாடகத்தை அவர்கள் 1998இல் தமிழில் மேடையேற்றினார்கள். இந்திய முஸ்லிம் பெண் ஒருத்தியின் மணவாழ்க்கைத் துன்பம் அதன் பொருள். இந்திய முஸ்லிம் அமைப்புகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் தமிழில் நாடகம் நடந்தது. 2000இல் அதே நாடகத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடத்த முனைந்தபோது உரிமம் மறுக்கப்பட்டது. குழுத் தலைவர் எஸ். தேன்மொழி அரங்குக்குள் அத்துமீறி நுழைந்ததாகக் கைதானார். மறுத்தவர்கள் சொன்ன காரணம் சமய உணர்வு. மொழியைப் பற்றி அவர்கள் பேசவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளில் எதிர்ப்பு வலுத்ததும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் அதே பெண், அதே துன்பம், அதே கதை. மாறியது ஒன்றே ஒன்றுதான், யாருக்கெல்லாம் புரியும் என்பது. தமிழில் அழுதால் தமிழர்க்கு மட்டும் கேட்கும். மலாயில் அழுதால் ஊர் கேட்கும். அந்த வாசலில்தான் கதவு சாத்தப்பட்டது. சிங்கப்பூரில் தமிழ் நாடகம் ஏன் வளரவில்லை என்று கேட்டீர்களே, கேட்பதற்கு முன் இதை அறிந்திருக்க வேண்டாமா? உங்கள் வீட்டிலிருந்து பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய அரங்கில் நடந்த கதை இது.

இதன் மறுபக்கத்தை நான் மண்டலேயில் பார்த்தேன். ‘மீசைச் சகோதரர்கள்’ என்று ஒரு பர்மியக் குழு. பா பா லே, லூ மா என்ற உடன்பிறந்தார் இருவர், அவர்களுடைய உறவினர் லூ ஸா. அ-ஞேன் என்பது பர்மியரின் பழைய கலைவடிவம். ஒரு பெண் ஆடுவாள், இடையிடையே கோமாளிகள் வந்து கேலிபேசுவார்கள். ஊரில் கல்யாணம், சாவு, கோயில் விழா எதற்கும் அது உண்டு. 1996 ஜனவரி 4, பர்மாவின் சுதந்திர நாளன்று, ரங்கூனில் ஆங் சான் சூச்சியின் வீட்டு முற்றத்தில் இவர்கள் ஆடினார்கள். அரசு ஊழியரைத் திருடரோடு சேர்த்து ஒரு கேலி சொன்னார்கள். பா பா லேயும் லூ ஸாவும் ஏழாண்டுக் கடுங்காவல் பெற்று, 2001இல் வெளியே வந்தார்கள். அதன்பிறகு அவர்களுக்கு ஒரு வினோதமான ஏற்பாடு அமைந்தது. ஊருக்குள் ஆடக் கூடாது. பர்மியருக்கு ஆடக் கூடாது. தங்கள் வீட்டின் முன்னறையில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு, ஆங்கிலத்தில் மட்டும் ஆடிக்கொள்ளலாம்.

2009 டிசம்பரில் நான் போயிருந்தேன். என்னை ஏற்றிவந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் 39ஆம் தெருவுக்குள் வர மறுத்து முனையிலேயே இறக்கிவிட்டார். முடிந்ததும் அங்கேயே வந்து ஏற்றிக்கொள்வதாகச் சைகை காட்டினார். உள்ளே நெகிழி நாற்காலிகளில் சுமார் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள். லூ மா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத் தொடர்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியபடி பேசினார். அவருடைய மனைவி ஆடினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு எல்லாமே புரிந்தது. கொடுத்த காசுக்கு ஒரு சொல்கூடக் குறையவில்லை. நண்பரே, நீங்கள் கேட்ட நிறைவான பார்வையாளனாக என் வாழ்நாளில் ஒரே ஒரு மாலை இருந்திருக்கிறேன் என்றால் அது அன்றுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எனக்குப் புரிகிறது என்பதால்தான் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. புரிந்து என்ன செய்துவிடப்போகிறேன்? புகைப்படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவேன். யாருக்குப் புரிந்தால் ஏதாவது நடக்குமோ அவர் தெருமுனையில், ரிக்‌ஷாவில் கால்மேல் கால் போட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் கலைஞர்களின் தாய்மொழி அவர்கள் வாய்க்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தது. பா பா லே 2013இல் இறந்தார்.

ஆகவே புரிதல் என்பது நுழைவுச்சீட்டோடு வரும் இலவச இணைப்பு என்று இனியாவது நினைக்காதீர்கள். யாருக்கு, எந்த மொழியில், எவ்வளவு புரியலாம் என்பதை அளந்து அளந்து கொடுக்க அந்த நாடுகளில் அலுவலகங்கள் இருந்திருக்கின்றன. குவோ போன்றவர்கள் செய்ததெல்லாம் அந்த அளவுக்கோலைப் பிடுங்கி மேடைமேல் போட்டதுதான். 2000ஆம் ஆண்டில் அவரும் நாடகக்காரர் சசிதரனும் தொடங்கிய நடிப்புப் பள்ளியில், பல நாட்டு மாணவர்கள் கேரளத்துக் கூடியாட்டமும் ஜப்பானிய ‘நோ’ நாடகமும் சீன ஓபராவும் ஜாவாவின் வயாங் வோங் நாட்டிய நாடகமும் ஒரே கூரையின்கீழ் கற்றார்கள். பிறர் மரபைத் தன் உடலில் ஏற்றி, புரியாமல் விழுந்து எழுந்து, மெல்லப் பழகுவது அங்கே பாடத்திட்டம். மூன்று ஆண்டுகள் அதற்கு. நீங்கள் ஒன்றரை மணி நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள்.

மண்டலேக்கு நான் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியாரின் லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்தவர். 1942இல் குண்டு விழுந்தபோது நடந்தே இந்தியா வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நடையைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை. பேசியதெல்லாம் விடிய விடிய நடக்கும் பர்மியக் கூத்தைப் பற்றித்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, திண்ணையில், வேட்டியை லுங்கிபோலச் சுற்றிக்கொண்டு, அந்தக் கோமாளியாகவே ஆகிவிடுவார். பர்மிய மொழியில் ஒரு நீண்ட கேலியைச் சொல்லி, அதன் கடைசிச் சொல்லை இழுத்து, தானே முதலில் சிரித்துவிடுவார். எங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. என்ன அர்த்தம் தாத்தா என்று கேட்டால், அது அங்கேதான் அர்த்தம், இங்கே வெறும் சத்தம் என்பார். ஆனால் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் புரண்டு புரண்டு சிரிப்போம். பாட்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பர்மாவில் அவருக்கு என்னென்ன இருந்தன என்று எங்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருக்கலாம். அவளுக்கும் பர்மிய மொழி தெரியாது.

அந்தக் கேலியின் ஒலியை மட்டும் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஐம்பது ஆண்டுகளாக அவ்வப்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மண்டலேயில் எவரிடமாவது சொல்லி அர்த்தம் கேட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். என் கட்டுரை தடுக்கி நிற்பதும் இந்த இடத்தில்தான்.

அன்றிரவு ஆட்டம் முடிந்து தெருமுனைக்கு வந்தபோது ரிக்‌ஷாக்காரர் சொன்னபடி நின்றிருந்தார். மின்சாரம் போயிருந்தது. பாதி வழியில், பின்னால் திரும்பி அவரிடம் அந்தச் சொற்களைச் சொன்னேன். மிதிப்பதை நிறுத்தினார். மறுபடி சொல் என்று கையால் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நடுவில் ஓர் ஒலியைத் திருத்தி, முழு வாக்கியத்தையும் மெதுவாக, கடைசிச் சொல்லை இழுத்து, தானே ஒருமுறை சொல்லிக் காட்டினார். நான் திருப்பிச் சொன்னேன். தலையசைத்துவிட்டு மிதிக்கத் தொடங்கினார். அர்த்தம் கேட்க அவரிடம் ஆங்கிலம் இல்லை, என்னிடம் பர்மியம் இல்லை. விடுதி வாசலில் இறங்கும்வரை இருவரும் பேசவில்லை.

உங்கள் நாடகத்தில் ஒருவர் தமிழில் இரண்டு வசனம் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை என்ன வசனங்கள் என்று எழுதவில்லை. நூறு பேர் உட்கார்ந்திருந்த அந்த அரங்கில் அவை உங்களுக்கும் இன்னும் மிகச் சிலருக்கும் மட்டும் புரிந்திருக்கும். பக்கத்து இருக்கையில் இருந்த அந்தச் சீன நண்பர் அப்போது என்ன செய்தார்? உங்கள் முகத்தைப் பார்த்தாரா, மேடையைப் பார்த்தாரா? நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பட்டியலை அதற்குப் பிறகு அனுப்புகிறேன்.

ரிக்‌ஷாக்காரர் திருத்திக் கொடுத்த ஒலி இன்னமும் என் நாவில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதும்போது தாத்தாவின் பழைய உச்சரிப்பைச் சொல்லிப் பார்க்க முயன்றேன். அது வரவில்லை.

அன்புடன்.